கால், கால், அரை: தமிழ் வகுப்பறையில் மாணவர் படைப்பாற்றலும் இரண்டாம் வரைவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வகுப்பறையில் மாணவர்தம் படைப்பாற்றல் போதிய அளவு வளராமைக்குப் பாடநூலின் குறையோ மாணவரின் ஆர்வமின்மையோ முதற்காரணம் அன்று. எழுதியதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டு, அதனை மீண்டும் எழுதும் வாய்ப்பு மாணவர்க்கு வழங்கப்படாமையே முதற்காரணம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் முறை, யாப்பிலக்கணப் பயிற்சி, அகத்திணைக் கூற்று மரபு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது. நடைமுறையில் எழும் தடைகளும் அவற்றுக்கான தீர்வுகளும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படைப்பாற்றல், வகுப்பறை, நன்னூல், பொதுப்பாயிரம், யாப்பு, கூற்று, வட்டார வழக்கு, அகமதிப்பீடு, இரண்டாம் வரைவு.

முன்னுரை

பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் ஒரு படம் தரப்பெற்று, அக்காட்சியைக் கண்டு கவினுற எழுதுமாறு மாணவர் பணிக்கப்பெறுகின்றனர். மனப்பாடத்தால் விடையளிக்க இயலாத வினா ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்னும் நல்ல நோக்கத்திற்கு ஏற்ற வினா அது. ஆயினும், எந்தப் படத்திற்கும் பொருந்தத்தக்க பொதுவரிகள் சில முன்கூட்டியே அமைக்கப்பெற்று மாணவரிடையே வழங்கிவருகின்றன. மழையில் நனையும் சிறுமியின் படமாயினும், ஏரோட்டும் உழவரின் படமாயினும் அவ்வரிகளே விடைத்தாளில் இடம்பெறுகின்றன. காட்சியைக் காணாமலேயே காட்சியை எழுதிவிட முடிகிறது. அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

இந்நிலைக்கு மாணவரைக் குறைகூறுதல் எளிது. ஆனால், தாம் எழுதப்போவது ஒரே ஒருமுறைதான், அதனைப் படிப்பவர் ஒரே ஒருவர்தான், அவரும் அதனைத் திருப்பித் தரப்போவதில்லை என்று அறிந்த எவரும் புதிதாக ஒன்றை எழுதிப் பார்க்கத் துணியமாட்டார். தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடமில்லாத நிலையில், தவறில்லாத பழைய வரியே பாதுகாப்பானது. ஆகவே, மாணவரிடம் படைப்பாற்றல் உள்ளதா என்பதனினும், அது வெளிப்படுவதற்குரிய சூழலை வகுப்பறை தருகிறதா என்பதே முதலில் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

நன்னூல் வகுத்த பங்கு

படைப்பாற்றலை வளர்த்தல் மேலைக் கல்வியியல் அண்மைக்காலத்தில் தந்த கொடை என்றும், தமிழ்க் கல்விமரபு மனனத்தை மட்டுமே போற்றியது என்றும் கருதும் போக்கு உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தும் பவணந்தியார், அவர்களுக்கு எட்டு உவமைகளைத் தருகிறார். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததை அமைதியாக அசைபோடும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழைப்பிற்கேற்ப விளைவு தரும் மண்ணும், கற்பித்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கரைக் குறிப்பன. இங்குக் கருதத்தக்கது கிளியின் இடமாகும். கற்பித்ததைப் பிழையின்றித் திரும்பச் சொல்லும் மாணாக்கரை நன்னூல் கடையில் தள்ளவில்லை. ஆனால் தலையிலும் வைக்கவில்லை. இன்றைய தேர்வுமுறையில் முதலிடம் பெறுபவரோ பெரும்பாலும் அவரே. பிரித்தறிதலும் அசைபோடுதலும் தலைமைப் பண்புகள் என நன்னூல் கருத, திரும்பச் சொல்லுதலைத் தலைமைப் பண்பாக்கியது பிற்காலத் தேர்வுமுறையே.

இதனினும் நுட்பமானது, கற்றல் எங்ஙனம் நிறைவுறுகிறது என்பதற்குப் பவணந்தியார் தரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை நன்றாக உள்ளத்திற் கொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்கூறு புலமையே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்கூறு கிடைக்கிறது. எஞ்சிய அரைக்கூறு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்புகிறது. கால், கால், அரை என்னும் இப்பகுப்பில் ஆசிரியரின் பங்கு நான்கில் ஒன்றே; மாணவரின் சொந்த மொழிக்கு உரிய பங்கு சரிபாதி.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நன்னூல் கூறுவது எடுத்துரைத்தலேயன்றிக் கவிதை புனைதல் அன்று. அந்நூல் பாடம் போற்றலையும் கற்றலின் உறுப்பாகவே கொள்கிறது. எனவே, மனனத்திற்கு எதிராக நன்னூலைச் சான்று காட்டுதல் பொருந்தாது. ஆயினும், கற்றதைத் தம் சொல்லில், தம் வரிசையில், கேட்போர்க்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுதல் எடுத்துரைத்தலுக்கும் படைத்தலுக்கும் பொதுவான செயல். அச்செயலுக்கு இன்றைய வகுப்பறை தரும் நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டால், நன்னூல் தந்த அரைக்கூறு எங்கே போயிற்று என்பது புலப்படும். முதற்காலை மட்டும் கற்பித்து முழுமைக்கும் தேர்வு நடத்துவதே இன்றைய நடைமுறை எனலாம்.

எழுதும் பொழுதைக் காணுதல்

தமிழ்க் கல்விமரபில் படைப்பு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) மாணவர் குழாம் நல்ல சான்று. உ.வே.சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் பாடல்களைச் சொல்லிவர மாணவர் ஏட்டில் எழுதும் வழக்கம் அங்கு இருந்தது. இவ்வழக்கத்தை எழுத்துவேலையாக மட்டும் கருதுதல் கூடாது. ஒரு பாடல் எங்குத் தொடங்குகிறது, எச்சொல்லில் தயங்குகிறது, எதுகை தேடி எவ்வாறு திரும்புகிறது, எங்கு முடிகிறது என்பதையெல்லாம் மாணவர் நேரிற் காணும் வாய்ப்பு அதில் இருந்தது. முடிந்த நூலை மட்டும் காண்பவர்க்குப் படைப்பு என்பது வியப்புக்குரியதாகவே எஞ்சும். உருவாகும் பொழுதைக் காண்பவர்க்கோ அது பழகிக்கொள்ளத்தக்க தொழிலாகத் தோன்றும்.

இன்றைய வகுப்பறையில் மாணவர் காண்பவை அனைத்தும் முடிந்த படைப்புகளே. பாடநூலில் அச்சான கவிதை, நயம் பாராட்டப்பட்ட பாடல், பொருள் வரையறுக்கப்பட்ட சிறுகதை என எல்லாம் நிறைவுற்ற வடிவிலேயே அவர்களை வந்தடைகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரியை எழுதி, அது சரியில்லை என அழித்து, வேறொரு வரியை எழுதிக் காட்டும் நிகழ்வு மிக அரிது. தவறு செய்து திருத்துதல் புலமைக்குக் குறைவன்று என்பதை மாணவர் அறிவதற்கு அத்தகைய ஒரு நிகழ்வே போதுமானது.

மேலும், பழைய புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றினர். அவையோர் தடை எழுப்பினர். நூலாசிரியர் விடை கூறினர். நூல் முடிவுறும் முன்னரே அதற்குக் கேட்போர் இருந்தனர். அரங்கேற்றம் என்னும் இம்மரபின் இக்கால வடிவமே ஆய்விதழ்களில் கட்டுரைகள் மதிப்பீட்டாளர்க்கு அனுப்பப்பெற்றுத் திருத்தத்திற்குத் திரும்பிவரும் முறை எனக் கொள்ளலாம். புலவர்க்கு அவை உண்டு. ஆய்வாளர்க்கு மதிப்பீட்டாளர் உண்டு. மாணவர்க்கு மட்டுமே இரண்டும் இல்லை.

யாப்பு: தடையா, துணையா?

படைப்பாற்றலை வளர்ப்பதென்பது கட்டுப்பாடுகளை நீக்கி, விரும்பியதை எழுதச் சொல்வதே எனப் பலர் கருதுகின்றனர். விரும்பியதை எழுதுக என்னும் பணி பெரும்பாலான மாணவரைத் திகைக்க வைக்கிறது. எல்லையற்ற வெளியில் அவர்களுக்குக் கைகொடுப்பவை தாய்மை, இயற்கை, நட்பு என்னும் பழகிய தலைப்புகளும் அவற்றோடு ஒட்டிய பழகிய சொற்களுமே. தெளிவான எல்லை வகுக்கப்பெற்ற சிறிய பணியே புதிய சொல்லைத் தேடவைக்கிறது. இதற்குத் தமிழ் வகுப்பறையில் ஏற்கெனவே ஒரு கருவி உள்ளது, அது யாப்பு.

பள்ளி மாணவர் குறளை அலகிட்டு வாய்பாடு கூறப் பயில்கின்றனர். பொதுத்தேர்விலும் அது கேட்கப்படுகிறது. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளை அவர்கள் அறிவர். ஆயினும், பத்தாண்டுத் தமிழ்க் கல்வியில் ஒரே ஒரு குறள்வெண்பாவையேனும் எழுதிப் பார்க்குமாறு பெரும்பாலோர் கேட்கப்பெறுவதில்லை. நீந்தாமலேயே நீச்சலின் விதிகளை ஒப்பிப்பது போன்ற நிலை இது. காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று பொருள்தரும் பழமொழி தோன்றியதில் வியப்பில்லை.

யாப்பு எங்ஙனம் சிந்தனையைத் தூண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பேருந்தின் படியில் நின்று பயணம் செய்யும் மாணவரைப் பற்றி எழுத முற்படும் ஒருவர், முதல் வரைவில் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்:

நேற்றுப் பேருந்தில் படியிலே நின்றவன்
இன்று வகுப்பில் கவி.

பொருள் தெளிவாக உள்ளது. ஓசையோ இருமுறை இடறுகிறது. ‘நேற்றுப்’ என்பது தேமா. அடுத்துவரும் ‘பேருந்தில்’ நேரசையில் தொடங்குவதால் மாமுன் நேர் வந்து வெண்டளை பிழைக்கிறது. ‘பேருந்தில்’ தேமாங்காய், அதனையடுத்து ‘படியிலே’ நிரையசையில் தொடங்குவதால் காய்முன் நிரை வந்து மீண்டும் தளை பிழைக்கிறது. உடன் பயிலும் ஒருவர் இதனைச் சுட்டிக்காட்ட, எழுதியவர் முதலிரு சொற்களை இடம் மாற்றிப் பார்க்கிறார்:

பேருந்தில் நேற்றுப் படியிலே நின்றவன்
இன்று வகுப்பில் கவி.

ஒரே மாற்றத்தில் இரு பிழைகளும் நீங்குகின்றன. காய்முன் நேரும், மாமுன் நிரையும், விளமுன் நேரும் முறையே அமைந்து, மலர் என்னும் வாய்பாட்டில் பா நிறைவுறுகிறது. தளை திருந்தியது மட்டும் இங்கு நிகழ்ந்த பயன் அன்று. முதல் வரைவு காலத்தில் தொடங்கியது. இரண்டாம் வரைவு இடத்தில் தொடங்குகிறது. பேருந்து முதலில் கண்முன் வந்து நிற்க, அதன்பின்னரே ‘நேற்று’ வருகிறது. நேற்று, இன்று என்னும் முரண் முன்னினும் சற்று மறைந்து ஒலிக்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்று மாணவர் வாதிடத் தொடங்கினால், தொடை, நடை, அழுத்தம் ஆகியவை பற்றிய இலக்கியத் திறனாய்வு அவ்வகுப்பில் தொடங்கிவிட்டது என்று பொருள். சூத்திரமாக மட்டும் அறிந்த தளை, செவியால் உணரப்படும் பொருளாக மாறுவதும் அப்போதே.

இத்தகைய பயிற்சியால் மாணவர் அனைவரும் வெண்பாப் புலவர் ஆகிவிடுவர் என்பது கருத்தன்று. மரபுக்கவிதையே கவிதை என்பதும் கருத்தன்று. சொல்லை இடம் மாற்றிப் பார்த்தால் பொருளும் மாறும் என்பதைத் தம் கையால் எழுதிக் கண்டவர், உரைநடை எழுதும்பொழுதும் அப்பழக்கத்தை விடமாட்டார் என்பதே கருத்து.

கூற்று மரபும் பேசாத தந்தையும்

பல்கலைக்கழக நிலையில் படைப்புப் பயிற்சி இலக்கிய ஆய்வுக்கே வழிவகுக்கும் என்பதற்கு அகத்திணைக் கூற்று மரபு ஏற்ற களமாகும். தலைவி, தோழி, செவிலி, நற்றாய் முதலியோர்க்குக் கூற்று வழங்கும் தொல்காப்பியம், ஊரார், அயலார், சேரியார், நோயின் தன்மை அறிவோர், தந்தை, தமையன் ஆகியோர்க்கு நேரடிக் கூற்று இல்லை எனச் செய்யுளியலில் வரையறுக்கிறது. அவர்கள் கூறியவற்றைப் பிறர் எடுத்து மொழியலாம். அவர்களே பேசுதல் இல்லை. முதுகலை மாணவர் இவ்விதியைப் படிக்கின்றனர்; தேர்வில் எழுதுகின்றனர். தந்தை ஏன் பேசவில்லை என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை.

உடன்போக்கு நிகழ்ந்த மறுநாள் அத்தந்தை பேசுவதாகப் பத்து வரிகள் எழுதுமாறு ஒரு வகுப்பிற்குப் பணி தரப்பட்டால் என்ன நிகழும்? தந்தை பேசத் தொடங்கியதும் ஊர், உறவு, மானம், உரிமை முதலியன அவர் பேச்சில் நுழைய முற்படும். தலைவியின் உள்ளத்தை மையமாகக் கொண்ட அகப்பாடல் புறத்தை நோக்கித் திரும்பும். சிலர் இதற்கு மாறாக, ஏதும் பேச இயலாத, வெறும் வாயிலை நோக்கியிருக்கும் தந்தையைப் படைக்கலாம். இவ்விரு வகை வரைவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்பொழுது, தந்தைக்குக் கூற்று மறுத்த விதி அகத்தின் எல்லையைக் காக்கும் விதியா, குடும்ப அதிகாரத்தை நேரில் காட்டாது மறைக்கும் விதியா என்னும் வினா எழும். அவ்வினாவைக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதலாம். விதியை மீறி எழுதிப் பார்ப்பது அவ்விதியின் காரணத்தை அறிவதற்கான ஒரு வழி. அவ்வகையில் படைப்பும் ஆய்வும் ஒன்றற்கொன்று துணையாகின்றன.

சிவப்பு மையும் வீட்டுச் சொல்லும்

மாணவரின் படைப்புத் துணிவைக் குறைக்கும் மற்றொரு காரணி, அவர்தம் வீட்டுமொழி வகுப்பறையில் பெறும் இடமாகும். கொங்கு வட்டாரத்து மாணவி ஒருவர் தம் பாட்டியைப் பற்றி எழுதுகையில் ‘பொடக்காளி’ என எழுதினால், அச்சொல் அடிக்கப்பெற்று ‘வீட்டின் பின்புறம்’ எனத் திருத்தப்படுதல் இயல்பாக உள்ளது. ‘கொல்லை’, ‘புறவாசல்’, ‘புழக்கடை’ எனப் பிற வட்டாரத்தார் வழங்கும் சொற்களுக்கும் இதே நிலை நேரலாம். திருத்தப்பட்ட தொடரில் பிழையில்லை, பாட்டியும் இல்லை. தம் வீட்டில் வழங்கும் சொல் தவறானது என ஒருமுறை கற்றுக்கொண்ட மாணவர், அடுத்தமுறை தம் வீட்டைப் பற்றியே எழுதமாட்டார். எல்லோரும் எழுதும் பொதுவான பாட்டியைப் பற்றி எழுதுவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இவ்விழப்பு இன்னும் பெரிது.

இதில் ஒரு முரணும் உள்ளது. கரிசல் வட்டார வழக்கில் எழுதிய கி.ராஜநாராயணன் (1923–2021) பள்ளிக்கல்வியை முழுமையாக முடிக்காதவர். வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றியவர். 1991ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர்தம் படைப்புகள் பட்டப்படிப்புகளில் பாடமாகவும் ஆய்வுப் பொருளாகவும் விளங்குகின்றன. எழுத்தாளர் எழுதினால் வட்டார இலக்கியம். மாணவர் எழுதினால் பிழை. ஒரே துறையில் நிலவும் இவ்விரு அளவுகோல்களும் விளக்கப்பட வேண்டியவை.

பொதுத்தமிழைக் கற்பித்தல் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. விண்ணப்பம், ஆய்வுரை, அலுவல் மடல் ஆகியவற்றுக்குப் பொதுத்தமிழ் இன்றியமையாதது. எவ்விடத்து எச்சொல் பொருந்தும் எனத் தேர்ந்தெடுக்கும் திறனே கற்பிக்கப்பட வேண்டியது. செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியம் திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக ஏற்றது. பாடலில் உள்ள தொடர் ஒன்றே அதனைப் பாடியவர்க்குப் பெயராகி வழங்கிய மரபும் இம்மொழிக்கு உண்டு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. தம் பெயர் மறைந்தும் தம் சொல்லால் நினைக்கப்பெறும் புலவரைக் கற்பிக்கும் வகுப்பறை, மாணவரின் சொந்தச் சொல்லை அடிப்பதற்கு முன் ஒருகணம் தயங்குதல் வேண்டும்.

ஆய்வுலகம் அடையும் இழப்பு

இச்சிக்கல் பள்ளியோடு முடிவதில்லை. எழுதப் பயிலாமல், எழுதியவற்றைத் தொகுக்க மட்டும் பயின்ற மாணவரே பின்னர் ஆய்வாளராகின்றனர். அறிஞர் கருத்துகளை அடுக்கி, அவற்றிடையே இணைப்புச் சொற்களை மட்டும் தம்முடையதாக வைக்கும் ஆய்வேடுகளைத் தமிழ்த்துறைகள் நன்கு அறியும். கருத்துத் திருட்டைத் தடுக்கும் நோக்கில் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் விதிமுறைகளை வெளியிட்டது. 10 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஒப்புமைக்கு அவை படிநிலைத் தண்டனைகளை வகுக்கின்றன. ஓர் ஆய்வேட்டில் பிறர் சொற்கள் எத்தனை விழுக்காடு உள்ளன என்பதை மென்பொருள் காட்டிவிடும். எஞ்சிய பகுதியில் சொந்தச் சிந்தனை உள்ளதா என்பதை அது காட்டாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நொடிகளில் கட்டுரை எழுதித் தரும் இக்காலத்தில் இவ்விடைவெளி மேலும் விரிவடைந்துள்ளது. முடிந்த தாளை மட்டும் மதிப்பிடும் வகுப்பறை, அத்தாளை யார் எழுதினார் என்று அறிய வழியின்றி நிற்கிறது. முதல் வரைவு, அதன்மீதான கருத்து, இரண்டாம் வரைவு என எழுதும் முறையையே மதிப்பிடும் வகுப்பறைக்கு இந்த இடர்ப்பாடு குறைவு.

தடைகளும் தீர்வுகளும்

இதற்கு எழுப்பப்படும் முதன்மைத் தடை மாணவர் எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 60 மாணவர் இருக்க, ஒவ்வொருவர் எழுத்தையும் இருமுறை படித்துத் திருத்துதல் ஓர் ஆசிரியரால் இயலுமா? இத்தடை நியாயமானதே. ஆசிரியர் மட்டுமே படிக்க வேண்டும் என்னும் எண்ணத்தைக் கைவிட்டால் அது பெரிதும் தளரும். மாணவரை ஐவர் கொண்ட 12 குழுக்களாகப் பிரித்து, நான்கு வரிக்கு மிகாத எழுத்துப்பணியைத் தரலாம். குழுவினர் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துக் கருத்துரைப்பர். ஆசிரியர் வாரந்தோறும் குழுவிற்கு ஒன்றாக 12 எழுத்துகளை மட்டும் படித்தால், ஐந்து வாரங்களில் 60 பேரின் எழுத்தும் அவர் பார்வைக்கு வந்துவிடும். நன்னூல் உடன் கற்போர்க்கு வழங்கிய காற்கூறு இவ்வாறு மீண்டும் பயன்பாட்டிற்கு வரும்.

படைப்பை மதிப்பெண்ணால் அளவிட இயலாது என்பது இரண்டாவது தடை. கவிதையின் அழகுக்கு ஐந்தில் எத்தனை எனக் கூறுவது அரிதே. முதல் வரைவிற்கும் இரண்டாம் வரைவிற்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தையும், அம்மாற்றத்திற்கு மாணவர் கூறும் காரணத்தையும் மதிப்பிடுதல் இயலும். பல பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பாடத்திட்டத்தில் அகமதிப்பீட்டிற்கு 25 மதிப்பெண் ஒதுக்கப்பெற்று, அதில் ஒரு பகுதி ஒப்படைப்பிற்கு வழங்கப்படுகிறது. அப்பகுதி எவ்வளவாயினும் அதனைக் கால், கால், அரை எனப் பகுக்கலாம்: முதல் வரைவிற்குக் கால்; உடன் பயில்வோர் எழுத்தைப் படித்துக் கூறிய கருத்திற்குக் கால்; காரணம் காட்டித் திருத்திய இரண்டாம் வரைவிற்கு அரை. இதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.

மூன்றாவது தடை அனுபவத்தில் எழுவது. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. செயல்பாடுகளுக்கு இடமளிக்கும் நன்னோக்குடைய இம்முறையும், கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய தாள்களாகவும் பதிவேட்டை நிரப்பும் பணியாகவும் பல இடங்களில் சுருங்கிப்போனது. புதிய முறையும் அவ்வாறே ஆகாதா என ஐயுறுதல் இயல்பு. செயல்பாட்டின் விளைபொருள் மட்டும் மதிப்பிடப்பட்டதே அச்சுருக்கத்திற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. விளைபொருளைக் கடையில் வாங்கலாம். தம் எழுத்தை ஏன் மாற்றினோம் என்பதற்கான விடையை வகுப்பில் நின்று தாமே கூற வேண்டியிருக்கும்.

இவையனைத்தினும் முன்னதாக நிகழ வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியர் தாமும் எழுத வேண்டும். மாணவர்க்குத் தரும் பணியைத் தாமும் செய்து, தம் முதல் வரைவை அவர்கள் முன் வைத்து, அவர்கள் சுட்டும் குறையை ஏற்றுத் திருத்துதல் பாராட்டுரை பலவற்றினும் வலிமையுடையது.

முடிவுரை

படைப்பாற்றலை ஊக்குவித்தல் என்பது பெரும்பாலும் பாராட்டுதலாகவும் போட்டி நடத்திப் பரிசு வழங்குதலாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. அவை ஏற்கெனவே எழுதுவோர்க்குப் பயன்படும்; எழுத அஞ்சுவோர்க்குப் பயன்படுவதில்லை. அஞ்சுவோர்க்குத் தேவை மூன்று: எல்லை வகுத்த சிறிய பணி, எழுதியதைப் படிக்கும் சிலர், மீண்டும் எழுதும் வாய்ப்பு. இம்மூன்றும் தமிழ்க் கல்விமரபிற்கு அயலானவை அல்ல. யாப்பு எல்லையைத் தந்தது. உடன் பயில்வோரும் அவையும் படிப்போரைத் தந்தனர். நன்னூல் அரைக்கூற்றை மாணவர்க்கென ஒதுக்கிவைத்தது.

ஆய்விதழ் ஒன்றிற்குக் கட்டுரை அனுப்பும் அறிஞர் எவரும் தம் முதல் வரைவே இறுதியானது என எதிர்பார்ப்பதில்லை. மதிப்பீட்டாளர் குறை கூறுவார், கால அவகாசம் கிடைக்கும், திருத்தி அனுப்பலாம் என்னும் நம்பிக்கையோடுதான் அவர் எழுதுகிறார். முனைவர் பட்டம் பெற்றவர்க்கே தேவைப்படும் அவ்வாய்ப்பு, பதினைந்து வயது மாணவர்க்கு மறுக்கப்படுதற்கு நியாயம் இல்லை. படத்தைக் காணாமலேயே காட்சியை எழுதும் மாணவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, படத்தில் உள்ள சிறுமியின் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை கேட்டால் போதும். அவ்வினாவிற்கு எந்த வழிகாட்டி நூலிலும் விடை இராது.